ஆஷிக் குருனியன்: ஒரு கால்பந்து வீரரின் வாழ்க்கை நம் சமுதாயத்துக்குச் சொல்லும் பாடம்

2026 பிப்ரவரி 14ஆம் தேதி ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டிகள் ஒருவழியாகத் தொடங்கின. வழக்கமாக செப்டம்பரில் தொடங்க வேண்டிய தொடர் இது. 14 அணிகளும் ஒன்றோடொன்று ஒரே முறை மட்டும் மோதும் விதமாகச் சுருக்கப்பட்டு, 91 ஆட்டங்களாக நடத்த முடிவானது. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இது ஒரு விளையாட்டுச் செய்தி. அதையே தொழிலாகக் கொண்ட வீரர்களுக்கோ அது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. அவர்களில் ஒருவரான மலப்புரத்து ஆஷிக் குருனியனின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தச் செய்தியின் முழுப் பொருளும் விளங்கும்.

கரும்புச்சாறு கடையிலிருந்து ஸ்பெயினுக்கு

ஆஷிக் 1997 ஜூன் 14இல் பிறந்தவர். தந்தை கரும்புச்சாறு கடை வைத்திருந்த எளிய குடும்பம். மலப்புரத்தில் கால்பந்து என்பது தெருவுக்குத் தெரு உள்ளது. அறுவடை முடிந்த வயலில் ஏழு பேர் கொண்ட 'செவன்ஸ்' ஆட்டத்துக்கு ஊரே திரளும். கேரளக் கால்பந்துச் சங்கத்தின் 'விஷன் இந்தியா' பயிற்சித் திட்டத்தில் சிறுவனாகச் சேர்ந்த ஆஷிக், அங்கிருந்து புனேவிலுள்ள கால்பந்து அகாடமிக்குப் போனார். 2016இல் ஸ்பெயினின் வில்லார்ரியல் கிளப்பின் மூன்றாம் நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19.

அவர் ஆடுவது 'விங்கர்' இடத்தில். மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டிப் பந்தோடு விரைந்து ஓடி, எதிரணியின் காப்பு வீரரைத் தாண்டி, நடுவில் நிற்பவருக்குப் பந்தைக் கொடுக்கும் வேலை. வேகம்தான் அந்த இடத்தின் மூலதனம். 2019 ஜனவரியில் அபூதாபியில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று வென்றது. 1964க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அன்று சுனில் சேத்ரிக்குத் துணையாக முன்வரிசையில் ஆடியவர் 21 வயது ஆஷிக்.

முஸ்லிம் விங்கர் ஒருவர் நாட்டின் கவனத்தை ஈர்ப்பது புதிதல்ல. கொல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கொல்கத்தா லீக்கை வென்றது. அந்த அணியின் முகமது சலீம் 1936இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக, பூட்ஸ் அணியாமல், கட்டுத்துணி சுற்றிய கால்களோடு ஆடி அந்நாட்டவரை வியக்க வைத்தார். வீட்டு நினைவு வாட்ட, ஊர் திரும்பிவிட்டார். திறமைக்கு நம்மிடம் எப்போதும் குறைவில்லை. அதைத் தாங்கி நிற்கும் ஏற்பாடுதான் குறைவு.

மூன்று அடிகள்

ஆஷிக்கின் வாழ்க்கையில் அந்தக் குறையை மூன்று இடங்களில் காணலாம்.

முதலாவது, அவர் ஆடி வளர்ந்த எஃப்.சி. புனே சிட்டி கிளப் 2019இல் இழுத்து மூடப்பட்டது. அதே ஆண்டு அவர் பெங்களூரு எஃப்.சி.யில் சேர்ந்திருந்ததால் தப்பினார்.

இரண்டாவது, காயம். 2022இல் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு மாறி, 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அணியில் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. வேகத்தை நம்பி ஆடுபவருக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. அந்தப் பருவம் முழுவதும் போனது, 2024 ஆசியக் கோப்பையும் போனது. அல்லாஹ்வின் அருளால் மீண்டு வந்தார்.

மூன்றாவது அடி அவர் காலில் விழுந்ததல்ல. 2025 கோடையில் மீண்டும் பெங்களூரு அணியில் சேர்ந்தார். ஜூலையில் ஐ.எஸ்.எல். தொடர் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டு தொடக்கத்தில் அதே கிளப், வீரர்களுக்கும் பணியாளர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையறையின்றி நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஆஷிக்குக்கு அப்போது 28 வயது. கால்பந்து வீரரின் உழைக்கும் காலம் 33, 34 வயதோடு ஏறத்தாழ முடிந்துவிடும். அதில் ஓர் ஆண்டு என்பது மற்றத் தொழிலில் நான்கைந்து ஆண்டுகளுக்குச் சமம்.

ஏன் நின்றது?

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துடன் 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் செய்திருந்தது. சம்மேளனத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 50 கோடி ரூபாய் கிடைத்து வந்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8இல் முடிவதாக இருந்தது. சம்மேளனத்தின் சட்டவிதிகள் குறித்த வழக்கோ உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நிலுவையில் கிடந்தது. அது முடியும்வரை புதிய ஒப்பந்தம் போட வழியில்லை. செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அதன்பின் விடப்பட்ட டெண்டருக்கு ஒருவர்கூட முன்வரவில்லை. இறுதியில் மத்திய விளையாட்டுத் துறை தலையிட்ட பிறகே சுருக்கப்பட்ட தொடருக்கு வழி பிறந்தது.

ஒப்பந்தம் முடியும் தேதி 15 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் யாரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யவில்லை. இடையில் இந்திய அணி அக்டோபரில் சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பையும் இழந்தது.

நமக்குப் புரியாத கதையா இது?

ஆலங்குளம், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது அந்நியமான கதையல்ல. 2018இல் பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். வழக்கு எங்கோ டெல்லியில். அடுப்பு அணைந்தது இங்கே. பேரியம் என்றால் என்னவென்று அறியாத தாய்மார்கள் வட்டிக்கு வாங்கினார்கள். மேலே இருப்பவர்கள் காலத்தில் முடிக்காத காரியத்துக்குக் கீழே உழைப்பவன் விலை கொடுக்கிறான். கால்பந்திலும் நடந்தது இதுவே.

உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. கிளப்புகளுக்கும் வருமானம் நின்றது உண்மை. ஆனாலும் பொறுப்பு என்பது ஓர் அமானிதம். சம்மேளனத் தலைமையாக இருந்தாலும், பட்டாசு ஆலை முதலாளியாக இருந்தாலும், ஜமாஅத் நிர்வாகியாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

நாம் செய்ய வேண்டியது

'பந்து விளையாடிக் கெட்டுப் போகிறான்' என்று பெற்றோர் சிலர் என்னிடம் முறையிடுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். தொழுகை தவறாமல், அவ்ரத்தைப் பேணி, சூதாட்டம் கலக்காமல் ஆடும் விளையாட்டை மார்க்கம் தடுக்கவில்லை. பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்து வந்தால் அவன் கிதாபைத் திறப்பான் என்று நினைக்காதீர்கள், செல்போனைத்தான் திறப்பான்.

அதே வேளை, 'என் மகன் ஆஷிக் ஆவான்' என்று பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவதும் சரியல்ல. ஒரு கிளப் மூடப்படலாம், ஒரு ஜவ்வு கிழியலாம், ஒரு ஒப்பந்தம் முடியலாம். கையில் ஒரு பட்டமோ தொழிற்கல்வியோ இருந்தால் அன்று குடும்பம் நடுத்தெருவில் நிற்காது. தமிழக அரசின் விளையாட்டு விடுதிகளில் படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே கிடைக்கின்றன. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. இவை நம் மஹல்லாக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவிப்புச் செய்ய எவ்வளவு நேரமாகும்?

2023இல் அர்ஜென்டினா அணியைக் கேரளாவுக்கு வரவழைக்கும் பேச்சு எழுந்தபோது, அதற்குச் செலவிடும் பணத்தில் நல்ல மைதானங்கள் அமைக்கலாமே என்று வெளிப்படையாகக் கேட்டவர் ஆஷிக். பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் தனக்காகக் கேட்கவில்லை, தனக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்காகக் கேட்டார். நம் ஊர்களில் பள்ளிவாசலை ஒட்டியோ, வக்ஃபுக்குச் சொந்தமாகவோ சும்மா கிடக்கும் இடத்தை, வக்ஃபின் நிபந்தனைக்கு உட்பட்டு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நம் பிள்ளைகளுக்குத் திறந்து விட முடியுமா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் அடுத்த கூட்டத்திலேயே பேசட்டும்.

உழைப்பவர் கூலியை உரிய நேரத்தில் கொடுக்கும் சமுதாயமாகவும், பிள்ளைகளின் திறமையை வீணாக்காத சமுதாயமாகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.