23 முறை சொன்ன பழுது

பினாங்கின் பாயான் லெப்பாஸில் விமான நிலையமும் மின்னணுத் தொழிற்சாலைகளும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. 1970களிலிருந்து அந்த ஃபேக்டரிகளில் கண்ணைக் கொடுத்து உழைத்தவர்களில் எங்கள் தமிழ்ப் பெண்களும் உண்டு. சோல்டரைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். லென்ஸுக்கு அடியில் பலகையை வைத்துப் பார்ப்போம். கடுகளவு ஈயப் புள்ளியைச் சுற்றி மயிரிழைக் கீறல் தெரிந்தாலே ரிஜெக்ட்தான். ரேடியோவுக்குப் போகும் பலகைக்கே அந்தக் கண்டிப்பு!

அதனால்தான் வயிறு எரிகிறது. 2014 டிசம்பர் 28 காலை, சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய இந்தோனேசியா ஏர்ஏசியா 8501 ஜாவா கடலில் விழுந்தது. 162 உயிர்கள், அதில் ஒருவர் மலேசியர். வால் சுக்கானின் அசைவை மட்டுப்படுத்தும் கருவியின் மின்பலகையில் சோல்டர் விரிசல் விட்டிருந்தது என்று மறு ஆண்டு இந்தோனேசியப் புலனாய்வுக் குழு அறிவித்தது. அந்த ஓராண்டில் மட்டும் அந்தக் கருவி 23 முறை தகராறு செய்திருக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் இன்னும் அடிக்கடி. 23 முறை எழுதி வைத்தார்களே, ஒரு முறையாவது வேரைத் தேடினார்களா?

விரிசல் மட்டுமே விமானத்தை வீழ்த்தவில்லை, உண்மைதான். அன்று நான்காவது முறை எச்சரிக்கை வந்தபோது, விமானி அறையில் சர்க்கியூட் பிரேக்கரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். தானியங்கிக் கட்டுப்பாடு அறுந்தது. விமானம் இடப்பக்கம் சாய்ந்து, மூக்கைத் தூக்கி ஏறி, காற்றின் பிடி இழந்து விழுந்தது. அப்படி நிலைகுலையும் விமானத்தை மீட்கும் பயிற்சி அந்த ரகத்துக்குத் தரப்படவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. கற்றுக் கொடுக்காததற்கும் செத்தவர்கள் தலையில்தான் பழியா?

அதோடாவது திருந்தினார்களா? 2018 அக்டோபர் 28 இரவு பாலியிலிருந்து ஜகார்த்தா வந்த லயன் ஏரின் போயிங் விமானம், பொய் சொன்ன ஒரே ஒரு சென்சாரால் கிளம்பிய பின் திரும்பத் திரும்ப மூக்கைக் கவிழ்த்தது. மறுநாள் காலை அதையே பறக்க விட்டார்கள். அது விழுந்து 189 பேர் போனார்கள். தானாக மூக்கை அழுத்தும் அந்த மென்பொருளைப் பற்றி போயிங் தன் கையேட்டில் விமானிகளுக்குச் சொல்லவே இல்லை. ஐந்து மாதத்துக்குள் எத்தியோப்பியாவில் அதே ரகம், அதே கோளாறு, இன்னும் 157 பேர்.

டிக்கெட் வாங்கும்போது எங்கள் உயிரையும் சேர்த்துத்தான் ஒப்படைக்கிறோம். மலேசிய அரசையும் விமானப் போக்குவரத்து ஆணையத்தையும் கேட்கிறோம்: ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால், மூலகாரணம் தெரியும்வரை அந்த விமானத்தைத் தரையை விட்டு எழும்ப விடாதீர்கள். அந்தப் பதிவேட்டைப் பயணிகளும் பார்க்கும்படி திறந்து வையுங்கள்.