சிசேரியன் செய்தால் குழந்தைக்கு ஆட்டிசம் வருமா?

இரண்டு வயசாகியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்றால், பல வீடுகளில் முதல் பழி தாயின் மேல்தான் விழுகிறது. "வலி தாங்காம ஆபரேஷன் பண்ணிக்கிட்டா, அதான் இப்படி" என்ற பேச்சு சர்வசாதாரணம். அது உண்மையா?

ஆய்வு என்ன சொல்கிறது?

ஸ்வீடனில் சுமார் 27 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசிய ஆய்வு 2015-ல் வெளியானது. முதல் கணக்கில், சிசேரியனில் பிறந்தவர்களுக்கு ஆட்டிசம் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் அதிகம் என்று வந்தது. அடுத்து, ஒரே குடும்பத்தில் ஒன்று சுகப்பிரசவத்திலும் இன்னொன்று சிசேரியனிலும் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டார்கள். அந்த வித்தியாசம் காணாமல் போனது.

அதாவது, கத்தி காரணமல்ல. மரபணு, தாயின் வயது, கர்ப்பகாலச் சிக்கல்கள் போன்றவை இரண்டுக்கும் பின்னால் இருக்கலாம். மழை நாளில் குடையும் சேறும் சேர்ந்தே தென்படும். குடையால் சேறு வராது.

அப்படியானால் சிசேரியன் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாமா?

கூடாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். தேவையில்லாத ஆபரேஷனைக் கேள்வி கேட்க தாயின் உடல்நலம், அடுத்த பிரசவம், செலவு என்று போதுமான காரணங்கள் உள்ளன. ஆட்டிச பயத்தை அதில் கலக்க வேண்டியதில்லை. சித்தேரி, வத்தல்மலை போன்ற தர்மபுரி மலைக்கிராமங்களிலிருந்து சிக்கலோடு வரும் கர்ப்பிணிக்கு, தயங்காமல் செய்யும் சிசேரியன்தான் இரு உயிர்களைக் காக்கும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் விரலால் எதையும் சுட்டிக்காட்டாதது, இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசாதது. இதில் ஒன்று தெரிந்தாலும் "அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டலாம். பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. 16 முதல் 24 மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் தாயிடம், வயதுக்கேற்ப இந்தக் கேள்விகளையும் கேட்பதைக் கிராம சுகாதார செவிலியரின் கட்டாயப் பணியாக்க வேண்டும். பிரசவம் எப்படி நடந்தது என்று வீட்டில் நடக்கும் விசாரணையைவிட, அது குழந்தைக்குப் பயன்படும்.