முன்னுரைக்குக் கொஞ்சம் கத்தரி போடுங்கப்பா!

நம்மூர் அரசியல் மேடைகளைப் பார்த்திருப்பீர்கள். பேச வந்தவர் வட்டம், ஒன்றியம், மாவட்டம் என்று ஒவ்வொருவராக "அவர்களே... அவர்களே..." போட்டு முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும். தமிழ் விக்கிப்பீடியாவில் சில கட்டுரைகளின் முன்னுரையும் இப்படித்தான் இருக்கிறது.

காரணம் எளிது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். 2003-ல் தொடங்கியதிலிருந்து அதன் பலமே அதுதான். ஆனால் வருகிற எல்லோருக்கும் தன் தகவல் முதல் பத்தியிலேயே நிற்க வேண்டும் என்று ஆசை. சேர்க்க நூறு பேர். வெட்ட ஒருவர் கிடையாது.

மண்ணூருக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்ரீபெரும்புதூரையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரைக்கு என்ன வேண்டும்? காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள ஊர். இராமானுசர் பிறந்த தலம். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம். 1990களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்த பெரிய தொழில் வட்டாரம். நாலே வரி, முடிந்தது!

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் உற்பத்தி தொடங்கியது, ஒரகடத்துக்கு 2010-ல் ரெனோ–நிசான் வந்தது எல்லாம் முக்கியம்தான். அதற்குத்தான் 'தொழில்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. கோயில் உற்சவங்களுக்கும் பேருந்து வசதிக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. வாசலிலேயே பீரோவையும் கட்டிலையும் போட்டு வைத்தால் வீட்டுக்குள் எவன் நுழைவான்?

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. நோக்கியா ஆலை இங்கே 2006-ல் திறந்தது, 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. பிறகு அந்த இடத்தை சால்காம்ப் வாங்கியது. 2008-ல் ஒருவர் முன்னுரையில் "இங்கு நோக்கியா ஆலை இயங்குகிறது" என்று எழுதியிருந்தால் அன்றைக்கு அது சரி. பதினைந்து கம்பெனிப் பெயர்களுக்கு நடுவே அது கிடந்தால், மூடிய பிறகு யார் கவனித்துத் திருத்துவார்கள்? வேலை தேடி விழுப்புரத்திலிருந்து வருகிற பையன் கைபேசியில் படிப்பது முதல் நாலு வரிதான். தேடுபொறி எடுத்துக் காட்டுவதும் பெரும்பாலும் அதைத்தான். அந்த நாலு வரி பழசாக இருக்கலாமா?

"அடுத்தவர் உழைப்பை வெட்டுவது அநியாயம்" என்பார்கள். ஐயா, வெட்டச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். அப்படியே தவறாக எடுத்துவிட்டாலும் வரலாற்றுப் பக்கத்தில் பழைய பதிப்பு பத்திரமாக இருக்கிறது. ஒரு சொடுக்கில் மீட்கலாம். சண்டை வந்தால் பேச்சுப் பக்கம் இருக்கிறது. முன்னுரை நான்கு பத்திக்குள் இருக்கட்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வந்த அறிவுரை. நமக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

உண்மையான அவமதிப்பு எது தெரியுமா? கஷ்டப்பட்டு எழுதியதை யாருமே படிக்காத இடத்தில் குவித்து வைப்பதுதான்.

இன்றைக்கே உங்கள் ஊர்க் கட்டுரையைத் திறங்கள். முன்னுரையில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் "இது தெரியாவிட்டால் இந்த ஊர் புரியாதா?" என்று கேளுங்கள். புரியும் என்றால் அந்த வரியைக் கீழே உரிய பிரிவுக்கு இறக்குங்கள். சுருக்கக் குறிப்பில் ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுச் சேமியுங்கள். பத்து நிமிட வேலை.