பசை எங்கே பிறந்தது என்பது பாதிக் கேள்விதான்

மாண்ட்ரியல் ஜான்-டலோன் சந்தை 1933-இல் தொடங்கியது. ஆகஸ்ட், செப்டம்பர் வந்துவிட்டால் இத்தாலியக் குடும்பங்கள் சாஸ் காய்ச்சத் தக்காளியைப் பெட்டி பெட்டியாக வண்டியில் ஏற்றுவார்கள். நம்மவர்கள் கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் தேடி அலைவோம். காய் எந்தப் பண்ணையில் விளைந்தது, மருந்து அடித்ததா என்றெல்லாம் கேட்போம். ஆனால் வீட்டுக்கு வரும் அட்டைப்பெட்டியின் மடிப்பை ஒட்டியிருப்பது என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அந்த மடிப்பில் இருப்பது பெரும்பாலும் ஹாட் மெல்ட், அதாவது சூட்டில் உருகி ஆறியதும் இறுகும் பசை. பிள்ளைகள் கைவேலைக்கு வைத்திருக்கும் க்ளூ கன் குச்சியும் இதே ரகம்தான். சினிமா போஸ்டருக்குக் காய்ச்சும் மைதாப் பசை காய நேரம் எடுக்கும். இதுவோ ஓரிரு நொடியில் பிடித்துக்கொள்ளும். வேகமாக ஓடும் தொழிற்சாலை வரிசைக்கு அந்த நொடிதான் காசு.

இதில் மூன்று முக்கியச் சரக்குகள் உண்டு. பலம் கொடுக்கும் பாலிமர், ஒட்டும் தன்மை கொடுக்கும் பிசின், இளக்கத்தைச் சரிசெய்யும் மெழுகு. பாலிமர் பெரும்பாலும் ஈ.வி.ஏ. எனப்படும் பெட்ரோலியப் பொருள். மெழுகும் பெட்ரோலியத்திலிருந்து வருவதே அதிகம். பிசினில் மட்டும் பைன் மரத்துப் பால் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இப்போது மற்ற இரண்டையும் செடிக்கு மாற்றும் வேலை நடக்கிறது. பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2018-இல் கரும்பிலிருந்து ஈ.வி.ஏ. கொண்டுவந்தது. சோளத்திலிருந்து வரும் பி.எல்.ஏ., சோயா மெழுகு என்று வேறு வழிகளும் உண்டு.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடினால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். இந்த மண்ணின் அனிஷினாபே, அட்டிகமெக் மக்கள் ஸ்ப்ரூஸ் மரப் பிசினை உருக்கி, விலங்குக் கொழுப்பும் கரித்தூளும் கலந்து, பிர்ச் பட்டை ஓடங்களின் தையல்களை அடைத்தார்கள். குளிரில் பிசின் வெடிக்காமல் இருக்கக் கொழுப்பைக் கூட்டிக் குறைத்தார்கள். இன்றைய ஆய்வகத்தில் செய்வதும் அதேதான். நம்மூரில் மரக்கலங்களுக்குக் குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசினார்கள். தபால் பார்சலுக்கு அரக்கு முத்திரை வைத்த காலத்தை நம் அப்பா அம்மா பார்த்திருக்கிறார்கள். அரக்கை ஆராயவே ராஞ்சியில் 1924-இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது.

அப்புறம் ஏன் இவையெல்லாம் போயின? சதி ஒன்றும் இல்லை. அரக்கு தட்டினால் உடையும், சூட்டில் இளகும், தீப்பிடிக்கும். அரக்கு மாளிகை கதை தெரியாத தமிழர் உண்டா? மைனஸ் 20 டிகிரி குளிரிலும், வெயிலில் நிற்கும் லாரிக்குள்ளும் ஒரே பசை தாங்க வேண்டும் என்றபோது பெட்ரோலியம் ஜெயித்தது. செடிப் பசை திரும்பி வரவேண்டுமானால் அந்தப் பரீட்சையில் தேறித்தான் வரவேண்டும்.

இதைப் பற்றி இங்கே கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரிடம் சொன்னேன். "செடியில இருந்து வந்த பசை எண்டா, குப்பையில போட்டா கரைஞ்சிடுமோ தம்பி?" என்று கேட்டார். விஷயமே இதுதான். கரையாது. கரும்பு ஈ.வி.ஏ.யும் பெட்ரோலிய ஈ.வி.ஏ.யும் ஒரே மூலக்கூறு. பிறந்த இடம் வேறு, குணம் ஒன்றே. பி.எல்.ஏ.கூட ஏறக்குறைய 60 டிகிரி சூடுள்ள உர ஆலையில்தான் ஒழுங்காக மக்கும். வீட்டுத் தோட்டத்து மூலையில் போட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாப் பசையும் மக்கித்தான் ஆகவேண்டும் என்பதும் தவறு. பழைய பெட்டி காகித ஆலையில் தண்ணீரில் கூழாகும். அப்போது பசை உதிர்ந்து சிறு துண்டுகளானால் சல்லடையைத் தாண்டிப் புதுத் தாளில் புள்ளியும் ஓட்டையுமாக வந்து நிற்கும், இயந்திரத்தையும் நிறுத்தும். ஆகவே பெட்டிப் பசை உடையாமல் பெரிய துண்டாகப் பிரிந்து வருவதே நல்லது. பழத்தில் ஒட்டும் ஸ்டிக்கரும் தேயிலைப் பையின் ஒட்டும் வேறு. அவை தோலோடும் சக்கையோடும் பழுப்புத் தொட்டிக்குப் போகின்றன. அங்கே மக்காதது உரத்தில் பிளாஸ்டிக்காகத் தங்கும். பிரான்ஸ் 2022 முதல் வீட்டு உரத்தில் மக்காத பழ ஸ்டிக்கர்களைத் தடை செய்தது இதனால்தான்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பசைக்கு மூலமும் பார்க்க வேண்டும், முடிவும் பார்க்க வேண்டும். மூலத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. பெட்ரோலியத்தில் கார்பன்-14 மிச்சமில்லை, நேற்று விளைந்த செடியில் உண்டு. அளந்தால் எத்தனை சதவீதம் செடி என்று ஆய்வகம் சொல்லிவிடும். மக்குமா என்பதற்கு க்யூபெக்கின் பி.என்.க்யூ. போன்ற அமைப்புகளின் சான்று தனி. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பதுதான் ஏமாற்று. கனடாவின் போட்டிச் சட்டமும் 2024 ஜூனில் திருத்தப்பட்டது. பொருள் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொன்னால் தகுந்த பரிசோதனை ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

முறுக்கு, மசாலாத்தூள், தேயிலை என்று பொதி கட்டி விற்கும் நம்மவர்கள் இங்கே நிறையப் பேர். பச்சை இலை படம் போட்ட பெட்டிக்குக் கூடுதல் விலை கேட்கிறார்களா? கொடுக்கலாம், தப்பில்லை. அதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பசையில் எத்தனை சதவீதம் செடி? இது எந்தத் தொட்டிக்குப் போகும், அங்கே என்ன ஆகும்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் இலைப் படத்துக்காக ஒரு சதம்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.