நடைக்குத் துணையாகும் இசை

மாரடைப்பிலிருந்து மீண்டோருக்கு மருத்துவர் எழுதித் தரும் சீட்டில், மாத்திரைகளுக்குக் கீழே "நாள்தோறும் நடக்கவும்" என்னும் வரியும் பெரும்பாலும் இருக்கும். மாத்திரைகள் வேளை தவறாமல் உட்கொள்ளப்படுகின்றன; நடைதான் இரண்டு திங்களில் நின்றுவிடுகிறது. மூச்சு வாங்குமோ என்னும் அச்சம் ஒருபுறம். ஒரே பாதையைத் தனியே சுற்றிவரும் சலிப்பு மறுபுறம். அச்சத்தைப் போக்க மருத்துவர் இருக்கிறார். சலிப்பைப் போக்கும் மாத்திரை எக்கடையிலும் கிடைப்பதில்லை. இங்குதான் இசையின் உதவியை நாட வேண்டும்.

நியூயார்க்கில் நடந்த ஆறுநாள் மிதிவண்டிப் பந்தயத்தை ஆராய்ந்த லெனார்டு அயர்ஸ், இசைக்குழு வாசித்தபோது வீரர்கள் விரைந்து மிதித்தனர் என 1911ஆம் ஆண்டில் எழுதினார். அவர்கள் உடல்வலிமை மிக்கோர். இதய நோயாளரிடம் நடத்திய ஓர் ஆய்வு, 2015ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து வெளிவந்தது. மறுவாழ்வுப் பயிற்சியிலிருந்த 34 பேர் அதில் பங்கேற்றனர். தத்தம் நடைவேகத்துக்கு இசைந்த தாளமுடைய பாடல்களைக் கேட்டோர், இசையின்றிப் பயின்றோரைவிட வாரத்திற்குச் சராசரியாக ஏறத்தாழ 100 நிமிடம் மிகுதியாகப் பயிற்சி செய்தனர். 34 பேர் என்பது சிறிய எண்ணிக்கையே. ஆயினும், செலவோ தீங்கோ பெரிதும் இல்லாத ஒன்றைக் கடைப்பிடிக்க இதுவே போதும். ஏற்றம் இறைத்தோரும் நாற்று நட்டோரும் பாடியே களைப்பை மறந்த நாட்டில், இது வியப்புக்குரிய செய்தியும் அன்று.

இசை என்றவுடன் மெல்லிய குழலோசையையே பலர் நினைக்கின்றனர். அது இளைப்பாற நன்று. காலை முன்னே செலுத்தாது. விரைநடை என்பது நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 அடிகள். தாளமும் அவ்வளவே அமைந்தால், எண்ணாமலே கால் அதனைப் பின்பற்றும். தில்லியிலோ புணேயிலோ மகன் வீட்டிற்கு வந்து தங்கும் தாத்தாவுக்குப் பூங்காவில் தமிழில் பேசத் துணை கிடைப்பது அரிது. அவர் இளமையில் விரும்பிய திரைப்பாடல்களைக் கேட்டறிந்து, கைப்பேசியில் தொகுத்துத் தருவது பேரப்பிள்ளைகளுக்கு எளிய வேலை. முதலில் மெதுவான பாடல்கள், இடையில் விரைவானவை, இறுதியில் மீண்டும் மெதுவானவை என வரிசை அமைய வேண்டும்; இதயம் திடீரென விரைவதும் திடீரென ஓய்வதும் நன்றன்று.

வேகத்தின் எல்லையை மருத்துவர் வகுக்க வேண்டும். பாடல் வகுத்தல் கூடாது. இதய நோய்க்கான சில மாத்திரைகள் நாடித்துடிப்பைத் தாழ்த்துவதால், அதை மட்டும் கொண்டு உழைப்பை அளவிட இயலாது. நடக்கையில் பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும் என்பது மிதமான பயிற்சிக்குரிய எளிய அளவுகோல். தாத்தா உடன்பாடிக்கொண்டே நடந்தால், நடை இன்னும் சற்று விரையலாம் என்பது பொருள். மார்பில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால், பாடல் முடியட்டும் என்று காத்திராமல் உடனே நின்று உதவி நாட வேண்டும். சாலையோரம் நடப்போர் இரு காதுகளையும் அடைத்துக்கொள்ளுதல் கூடாது. பூங்காவிலாயின், கைப்பேசியைச் சட்டைப்பையில் இட்டு, அருகில் நடப்போருக்கு இடையூறின்றி மெதுவாகப் பாடவிடலாம்.