வேலை செய்யுது, ஆனால் எங்கேயிருந்து?

“உள்ளுக்குள்ள வேலை செய்யுது, வெளியில வருகுதில்லை.” கரம்பொனில் பிள்ளையளோட இருந்து கணினி பழகிய நாட்களில் நாங்கள் அதிகம் கேட்ட வசனம் இது. சொன்னதும் அதிகம்.

வாசிகசாலைப் புத்தகங்களுக்கு ஒரு சின்னத் தேடுபட்டியல் செய்தோம். தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊரில் அதுகூட இல்லாட்டி எப்படி என்ற வீம்புதான் காரணம். விண்டோஸ் மடிக்கணினிக்குள் வெர்ச்சுவல்பொக்ஸ், அதற்குள் உபுண்டு, அதற்குள் பைதனின் பிளாஸ்க். உபுண்டுவின் பிரவுசரில் 127.0.0.1:5000 என்று அடித்தால் பட்டியல் உடனே வந்தது. அதையே விண்டோஸில் அடித்தால், இணைப்பு மறுக்கப்பட்டது என்றது.

உண்மையில் அது சரியான பதில்தான். 127.0.0.1 எண்டால் ‘நான்’ எண்ட சொல் மாதிரி. ஆர் சொல்லுகினமோ அவையைத்தான் குறிக்கும். விண்டோஸ் தன்னுக்குள்ளேயே தேடிப் பார்த்து, இல்லை என்றது.

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றால் காரைநகர் கண்ணுக்குத் தெரியும். பாதை வராட்டி அங்கே போகேலாது. வெர்ச்சுவல்பொக்ஸ் வழமையாகத் தரும் ‘நாட்’ முறையும் கிட்டத்தட்ட அப்படித்தான். உபுண்டு வெளியே போய் வரலாம். வெளியேயிருந்து தானாக உள்ளே போக வழியில்லை. உபுண்டுவின் 10.0.2.15 என்ற முகவரி அந்த மெய்நிகர் வலைக்குள் மட்டும் செல்லும். விண்டோஸின் 5000ஆம் போர்ட்டுக்கு வருவதை உபுண்டுவின் 5000க்கு அனுப்பு என்று எழுதிவைக்கும் போர்ட் போவர்டிங்தான் எங்கட பாதை.

எழுதினோம். வரவில்லை. அது இல்லைப் போல என்று அழித்துவிட்டோம். பிறகு இன்னொன்று பிடிபட்டது: பிளாஸ்க் இயல்பாக 127.0.0.1இல் மட்டும்தான் காது கொடுக்கும். வெளியாள் தட்டினால் அதுக்குக் கேளாது. 0.0.0.0 என்று மாற்றினோம். அப்பவும் வரவில்லை, ஏனென்றால் பாதையை நாங்களே அழித்திருந்தோம். அதையும் பழையபடி மாற்றினோம். இப்படியே இரண்டு நாள்.

இரண்டு பூட்டு இருந்தது. ஒன்றைத் திறந்து, கதவு அசையவில்லை என்று திரும்பப் பூட்டிவிட்டு மற்றதுக்குப் போனோம். ஆனால் போவர்டிங் எழுதியபோது பிரவுசரின் செய்தி மாறியிருந்தது. முதலில் ‘மறுக்கப்பட்டது’, பிறகு ‘இணைப்பு அறுந்தது’. பாதை அக்கரைக்குப் போயிற்று, இறங்குதுறையில் ஆளில்லை என்பதுதான் அதன் பொருள். ஆங்கிலத்தில் இருந்த அந்த ஒற்றை வரியை நாங்கள் வாசிக்கவேயில்லை.

இங்கேதான் எங்கட கோபம். பைதன் படிப்பிக்கிற வகுப்புகள் எத்தனையோ இருக்கு. செய்தது மற்ற ஆளின் போனில் ஏன் திறக்கேல்லை என்று படிப்பிக்கிற வகுப்பு அருமை. பிள்ளையள் விட்டுப்போற இடமும் அதுதான், தங்களுக்கு மூளை காணாது என்று நினைச்சுக்கொண்டு.

கேட்டால் வந்த ஆலோசனைகளோ மூன்று. ‘ஃபயர்வோலை நிப்பாட்டு’: அந்த நேரம் ஃபயர்வோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ‘பிரிட்ஜ்ட் ஆக்கு’: ஆக்கலாம். ஆனால் 0.0.0.0உம் பிளாஸ்கின் டீபக் முறையும் சேர்ந்தால், அதே வைஃபையில் உள்ள ஆரும் உங்கள் பிழைப்பக்கத்தைப் பார்க்கலாம். அங்கிருந்தே பைதன் ஓட்டவும் முடியும், ஒரு பின் இலக்கம் மட்டும்தான் காவல். ‘கிளவுட்டுக்கு ஏத்து’: ஒரே அறைக்குள் இருக்கிற அலுமாரியைத் தேட எதுக்கு வெளிநாட்டுச் சேர்வர்? டேட்டா முடிஞ்சால் பட்டியலும் போச்சு.

இப்ப நாங்கள் பிள்ளையளிடம் முதலில் கேட்பது, எந்த மெஷினில் இருந்து கேட்கிறாய், மற்றப் பக்கம் எந்த முகவரியில் காது கொடுக்குது, நடுவில பாதை இருக்கா. ஒரு திருத்தம் சரிவராட்டி உடனே அழிக்காமல், செய்தி மாறியதா என்று பார்க்கச் சொல்கிறோம்.

போன்களில் திறக்கப் போனபோதுதான் விண்டோஸ் ஃபயர்வோல் உண்மையிலேயே குறுக்கே நின்றது. டீபக்கை நிறுத்திவிட்டு, ‘பிரைவேட்’ வலையமைப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம். பட்டியல் இப்ப போனிலும் வருது. எழுத்துப்பிழைகள்தான் மிச்சம்.