முத்தத்துக்குக் கல்லுப் பதிக்க முதல்

போன புரட்டாதியில எங்கட வீட்டில ஒரு சண்டை. கனடாவில இருக்கிற அண்ணா, "முத்தம் முழுக்க இன்டர்லொக் கல்லுப் பதிப்பம், காசு நான் அனுப்புறன்" என்றார். அம்மாவும் ஓமெண்டிட்டா. அம்மம்மா வைத்த செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை எல்லாம் போகப்போகுது. நான் மாட்டன் என்று நிண்டன்.

அம்மா ஒண்டுதான் கேட்டா: "பூவைப் பாத்து நீ கவிதை எழுதுவாய். குப்பை கூட்டுறது ஆர்?"

நியாயமான கேள்வி. மரம், செடி, இயற்கை என்று கதைக்கிற எங்களில் கனபேர் விளக்குமாறு தொட்டதில்லை. முத்தத்தின் அழகுக்கு முழங்கால் நோவால விலை குடுத்தது அம்மாமார்தான். அதை ஒப்புக்கொள்ளாமல் பூங்கண்டு பற்றி எழுதுறது பொய்.

ஆனாலும் கல்லு பதில் இல்லை. யாழ்ப்பாணத்தில வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கிற மழைத்தண்ணிதான் எங்கட கிணறு. அந்த மழையில பெரும்பங்கு ஐப்பசியில இருந்து மார்கழிக்குள்ள பெய்து முடிஞ்சிடும். அடியில கொங்கிறீட் போட்டு முத்தத்தை மூடினால், அந்தத் தண்ணி ஒழுங்கைக்குத்தான் ஓடும். பிறகு சித்திரை வெயிலில கல்லு கொதிக்கும்; வாசலில நாலு சாடி வாங்கி வைப்பம்; ரெண்டு மாதத்தில அதுவும் காயும்.

என்ர கருத்து இதுதான்: பூ வேண்டாமெண்டில்லை, ஒழுங்கில்லாத பூந்தோட்டந்தான் வேண்டாம். அம்மம்மா கிடைச்ச இடத்தில கிடைச்ச தடியை ஊண்டினவ. அதால முத்தம் முழுக்கக் கூட்டவேண்டியிருந்தது. நாங்கள் படலையில இருந்து வாசல்வரை மூண்டடிப் பாதைக்கு மட்டும் கல்லுப் பதிச்சம். செடி எல்லாத்தையும் மதிலோரம் அஞ்சடி அகலப் பாத்திக்குக் கொண்டுவந்தம். உயரமான செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பின்னுக்கு, அஞ்சடிக்கு ஒண்டாக. நடுவில கல்வாழை. முன்னுக்கு நித்தியகல்யாணியும் கனகாம்பரமும். களை பிடுங்க உள்ளுக்குக் கால் வைக்க ரெண்டு கல்லு. விழுற இலையைக் கூட்டத் தேவையில்லை. பாத்திக்குள்ளேயே மூடாக்காகக் கிடக்கட்டும். ஈரமும் நிக்கும், களையும் குறையும்.

கிழட்டுச் செவ்வரத்தையை வேரோட கிளப்பேல்லை. பென்சில் மொத்தத் தடியை அரை அடிக்கு வெட்டி, கீழ் இலையை உரிச்சு, முதல் மழையோட நட்டம். மல்லிகைக் கொடியை வளைச்சு மண்ணுக்குள்ள பதியம் வச்சம். கல்வாழைக் கிழங்கை, துண்டுக்கு ஒரு முளையாவது இருக்கிற மாதிரிப் பிரிச்சம். ஒரு கண்டுக்கும் காசு குடுக்கேல்லை. மாட்டெரு மட்டும் வாங்கினது. எல்லாம் பிழைக்கேல்லை, பத்துத் தடியில மூண்டு அழுகிப்போச்சு.

அண்ணாவுக்குச் செலவு குறைஞ்சதில சந்தோசம். பாதை கூட்டுறது இப்ப என்ர வேலை, பத்து நிமிசம். அம்மா இன்னும் முழுசா நம்பேல்லை, "ரெண்டு வருசம் போகட்டும் பாப்பம்" என்கிறா. ஆனால் காலமை பூ ஆயப் போறது அவதான்.

உங்கட வீட்டிலயும் கல்லுக் கதை தொடங்கியிருக்கும். வேண்டாமெண்டு சண்டை பிடிக்க முதல், விளக்குமாறை நீங்கள் வாங்குங்கோ. பிறகு பாதிக்குப் பேரம் பேசுங்கோ.